சின்னவர் அணைத்த அறைகள்

எரியாத விளக்கைப் பார்த்து மனம் நிறைகிற மனிதர் ஒருவரைத்தான் நான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அணைந்து கிடக்கும் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, நாமெல்லாம் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார். திண்டிவனத்தில் நான் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்தின் முதலாளி மகன். எல்லோரும் அவரைச் சின்னவர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லித் திட்டினால் முழுப் பாவம், சொல்லாமல் திட்டினால் பாதிப் பாவம் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இரண்டு மூன்று வருஷம் இங்கேயே இருந்தார். பெரியவர் அதற்குள் மகள் வீட்டோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். போகும்போது, "பையன் பெரிய படிப்பு படிச்சவன். அவன் சொல்றபடி கேட்டு நடந்துக்கப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கேட்டு நடந்தேன். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மண்டபத்து மாடியில் முதலாளி குடும்பத்துக்கென்று ஆறு அறைகள். சின்னவர் வந்த வாரத்திலேயே கட்டில், ஸ்டவ், அரிசி மூட்டை, ஹெல்மெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கடைசி அறைக்குள் திணித்தார். மற்ற ஐந்துக்கும் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். அவருடைய அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்தில் ஒன்று அந்த அம்மாளின் அறை. அங்கே அவர்கள் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருக்கும். அதுவும் போயிற்று.

"அம்மா ரூம் பல்பாவது எரியட்டுமே தம்பி" என்றேன்.

"யாராவது யூஸ் பண்றாங்களா?"

இதுதான் அவருடைய கேள்வி. எதைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்பார். குழாயைப் பார்த்தால், ஃபேனைப் பார்த்தால், ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தால், யாராவது யூஸ் பண்றாங்களா? செத்துப்போன தாயாரின் படத்தைப் பார்த்தும் அதையே கேட்டார். கீழே இறங்கிவந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஒருநாள், மண்டபத்தில் விசேஷம் எதுவும் இல்லாத ஆடி மாசத்தில், டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு உள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும். மேனேஜர் மாதிரி."

"என்ன மாதிரிங்களா?"

"உங்கள மாதிரி இல்ல. அது வேலை செய்யும்."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் நிஜமாகவே வித்தியாசத்தை எடுத்துச் சொன்னார்.

"அதுகிட்ட மெமரி இருக்கு. நம்ப ரூம்ங்க மாதிரி வரிசை வரிசையா. ஒரு வரிசையில ஒரே ஒரு ஆள் படுத்துக்கினு இருந்தாலும் அந்த வரிசைக்கே கரண்ட் போய்க்கினு இருக்கும். அங்க ஒருத்தன், இங்க ஒருத்தன்னு இருக்கறவங்களத் தூக்கி ஒரே எடத்துல போட்டுட்டு, மிச்சத்த அணைச்சிடணும். அத கெர்னலுக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் என் வேலை."

"தூக்கறப்ப அவங்க முழிச்சிக்க மாட்டாங்களா?"

"அதுதான் அழகு. தூக்கினதே தெரியாது. எங்கடா இருக்கேன்னு எவனும் கேக்க மாட்டான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சும்மா கெடக்கற மெமரிக்கு எதுக்குக் கரண்ட்டுன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"மறக்காம இருக்கறதுக்கு! உள்ள வெச்சிருக்கறத ஓயாம ஒருதரம் படிச்சி, திருப்பி எழுதி, படிச்சி, எழுதி, அப்படியே இருக்கணும். நிறுத்திச்சின்னா மறந்துடும். யாரும் எதுவும் கேக்கலைன்னாலும் அந்த வேலை நடந்துக்கினே இருக்கும்."

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்தது எல்லாம் கிருத்திகை விரதமும் முருகனுடைய ஆறெழுத்து மந்திரமும்தான். வண்டி ஓட்டும்போதும், பந்திக்கு இலை எண்ணும்போதும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் கேட்பதில்லை, நிறுத்தினால் மறந்துபோகும்.

"அப்போ அது ஜபம் பண்ணுதுன்னு சொல்லுங்க தம்பி."

"ஜபம் இல்ல மேனேஜர். வேஸ்ட்."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழ்த்தளத்தில் ஒரு நடையின் இரண்டு பக்கமும் விருந்தினருக்கென்று எட்டு அறைகள். அந்த நடையின் கோடியில் ஒரு மாடத்தில் பிள்ளையார். மண்டபம் கட்டியபோதே பெரியவர் பிரதிஷ்டை செய்து வைத்தவர். பிள்ளையாருக்கு மேலே எப்போதும் எரியும் பல்பும் முதல் நாலு அறைகளும் ஒரே லைனில். ஆகவே விசேஷம் இல்லாத நாளில்கூட அந்த லைனின் மெயினை அணைக்க முடியாது. சின்னவர் இதைக் கண்டுபிடித்த அன்று மாடத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இவர எடுத்து அந்தப் பக்கம் ஆபீஸ் ரூம் சுவத்துல வெச்சிட்டா இந்த வரிசைய மொத்தமா அணைச்சிடலாம்."

"பிரதிஷ்டை பண்ணினவரு. நகர மாட்டாருங்க."

"சிமெண்ட்டா?"

"மந்திரம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க வேலையிலயும் இதே பேஜாருதான். ஆயிரம் சாமான நகத்திடலாம். நட்ட நடுவுல ஒண்ணு மட்டும் அசைய மாட்டேன்னு ஒக்காந்துக்கும். அது ஒண்ணுக்காக வரிசை மொத்தமும் எரிஞ்சிக்கினு இருக்கணும்."

பிள்ளையாரை அவர் பார்த்த பார்வையைப் பார்த்து, எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாளே ஒயர்மேனைக் கூப்பிட்டு மாடத்துக்குத் தனியாக ஒரு ஒயர் இழுக்கச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. இந்த யோசனை ஏன் அவருக்கு வரவில்லை என்று நான் கேட்கவில்லை. சாமியைக் குடிபெயர்க்கிற யோசனை மட்டும்தான் அவருக்கு வந்தது.

ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. முகூர்த்தத் தேதி பதிவதற்கும், வாசலில் வைத்திருக்கும் பெரிய டிவியில் மணமக்கள் பெயரைக் காட்டுவதற்கும் அது ஒன்றுதான். அதற்குள் தான் செய்த கெர்னலைப் போட்டுவிட்டதாக ஒருநாள் பெருமையாகச் சொன்னார். அன்றுமுதல் அது மனுஷன் கை படாமல் கொஞ்ச நேரம் இருந்தால் தூங்கிவிடும். கிளியனூர்க்காரர் வீட்டு வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசல் டிவி பொட்டென்று இருண்டது. பெண்ணின் பெரியப்பா ஓடிவந்தார்.

"இன்னாங்க மேனேஜரு, மணமக்கள் பேரே அணைஞ்சி போச்சி! நல்ல நாள் அதுவுமா இன்னாங்க இது?"

சின்னவர் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஒண்ணுமில்ல, யாரும் யூஸ் பண்ணல, அதான் தூங்கிடுச்சி!"

அன்று பந்தி முடியும்வரை, ஒரு கையால் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு, இன்னொரு கையால் ஆபீஸிலிருந்து ஒயரோடு இழுத்துவந்த மவுஸை ஆட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பன்னீர் தெளிக்கிறவன் என்று நினைத்துத் தலையை நீட்டியவர்களும் உண்டு.

அவரிடம் ஒரு குணம் மட்டும் இருந்தது. பொய் சொல்ல மாட்டார். கல்யாணப் பெண்ணைக் காட்டி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வார். இது நல்ல குணமா, ஒரு குறையா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

என் மகள் செல்விக்கு முகையூர் மாப்பிள்ளை அமைந்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டில் நடத்துவதுதான் வழக்கம். பெரியவர் பாண்டிச்சேரியிலிருந்து போன் போட்டு, "நம்ப மண்டபம் இருக்கறப்ப உன் பொண்ணுக்கு வேற எடமா?" என்றதால் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பெரிய மனசோடு இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் இறங்கவில்லை. மீசைக்காரர். "பொண்ணு வூட்டு ஊர்ல போய் ஒக்காந்து தாலி கட்டறதுக்கு எங்க ஊர்ல பந்தக்காலு நட எடமில்லையா?" என்று நிச்சயத்திலேயே கேட்டார். ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், எழுந்துபோக அவர் தயாராக இருந்தார். அவருக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல். மயிலம் மலையேறி முருகனிடம் அதைத்தான் கேட்டுவிட்டு வந்தேன்.

முதல்நாள் சாயங்காலம் இரண்டு வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். நடைக்கு இந்தப் பக்கம் நாலு அறை மாப்பிள்ளை வீட்டுக்கு, அந்தப் பக்கம் நாலு அறை எங்களுக்கு. வரவேற்பு முடிந்தது. எல்லோரும் அறைகளைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நான் பந்தியில் நின்று, "சம்பந்திக்கு இன்னும் கொஞ்சம் கேசரி போடுப்பா" என்று உபசரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் சின்னவர் கீழே இறங்கியிருக்கிறார். எட்டு அறையிலும் ஏசி. ஆள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு அறையிலும் நாலு பெட்டி, ஒரு பை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்! மாற்றுச்சாவிக் கொத்து அவரிடம்தான். ஆறு அறையில் இருந்த அத்தனை சாமானையும் தனி ஆளாகத் தூக்கி, ஏழாம் அறையிலும் எட்டாம் அறையிலும் அடுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்துப் பூட்டிவிட்டார். உழைப்புக்கு அஞ்சாதவர். அதில் ஒன்றும் சொல்ல முடியாது.

கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் கதவைத் திறந்து, காலி அறைகளின் இருட்டில் நின்றார்கள்.

"எங்க ரூம் எங்கய்யா?" என்று மாமன் கத்தினார்.

"இங்க இருக்குங்க" என்று சின்னவர் எட்டாம் அறையைத் திறந்து காட்டினார். "எல்லா சாமானும் பத்திரம். எதுவும் கொறையல. ஆறு ரூம் மிச்சம்."

"மிச்சமா? பொண்ணு வூட்டு செருப்பு மேல எங்க மாப்பிள பட்டு வேட்டி கெடக்குது, மிச்சம்றான் பாரு! ஏன் மேனேஜரே, கரண்ட் பில்லு கட்ட வக்கில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது? முகையூர்ல வாசல்ல பந்தலப் போட்டு ஜாம் ஜாம்னு முடிச்சிருப்போமே!"

நான் கைகூப்பினேன். தப்பு எங்களுடையது என்றேன். என் மனைவி மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. அந்த அம்மாள்தான், "விடு அண்ணா, சாமான் கெடச்சிடுச்சி இல்ல" என்று அண்ணன்காரரை அடக்கினார்கள். நானே ஒவ்வொரு பெட்டியாகச் சுமந்து பழைய அறைகளில் வைத்தேன். சின்னவர் ஓரமாக நின்று, அணைத்த ஏசிகள் ஒவ்வொன்றாக மறுபடியும் ஓடத் தொடங்குவதை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்துவிட்டார். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று ஐயர் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைத் திறந்தார்கள். புடவை இருந்தது, தாலி இல்லை. மயிலத்தில் சாமி பாதத்தில் வைத்து வாங்கிய தாலி, ஒரு சின்ன மஞ்சள் பையில். முந்தின நாள் அறை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்களாம். சாமான்கள் திரும்பிவந்த கூச்சலில், நாத்தனார் எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பார் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். இவர்கள் வைத்திருப்பார்கள் என்று நாத்தனார்.

நாலு அறையையும் கவிழ்த்துத் தேடினோம். இல்லை.

"நல்ல நேரம் போய்க்கினு இருக்கு" என்றார் ஐயர் மெதுவாக. "ஒரு மஞ்சக் கொம்ப கயித்துல கட்டி..."

"என் தங்கச்சி புள்ளைக்கு மஞ்சக் கொம்பா?" மாமன் தோள் துண்டை உதறினார். "தாலியே தங்காத மண்டபத்துல எங்களுக்குக் கல்யாணம் வேணாம். டேய், வண்டிய வாசலுக்குக் கொண்டா!"

என் மகள் மாலையோடு அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல மாடிக்கு ஓடினேன்.

சின்னவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அணைந்திருந்தது. தூங்குகிறவருக்கு எதற்குப் போன்? கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். லுங்கியோடு வந்தார். சொன்னேன். கொஞ்சமும் பதறவில்லை.

"மூணாம் ரூம் நீலப் பெட்டி, எட்டாம் ரூம்ல ஜன்னல் ஓரம். நாலாம் ரூம் பித்தளைத் தட்டு, ஏழுல கட்டிலுக்குக் கீழ..."

"தம்பி, மஞ்சப் பை! சின்ன மஞ்சப் பை!"

"சின்ன சாமானுக்குத் தனி எடம் கெடையாது மேனேஜர். எங்க சந்து இருக்குதோ அங்க சொருகணும்."

"எந்தச் சந்துல சொருகினீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முருகா என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டாம் ரூம். பிரம்புக் கூடை. மேல பாதி காலியா இருந்தது."

எட்டாம் அறை எங்கள் பக்கம். பிரம்புக் கூடை செல்வியுடையது. தாலி கட்டியபின் அவள் மாற்றிக்கொள்ள வேண்டிய துணியும் குங்குமச் சிமிழும் அதில்தான். எங்கள் பக்கத்தில் தேட யாருக்கும் தோன்றவில்லை. ஓடிவந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மணமேடைக்கே போய்விட்டாள். எல்லோர் முன்னாலும் மேலே இருந்த சிவப்புப் புடவையை எடுத்தாள். அதன் மடிப்புக்குள், விபூதி வாசத்தோடு, மஞ்சள் பை.

மாப்பிள்ளையின் அம்மா பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா! நாம குடுக்கறதுக்கு முன்னாடியே அவ பொடவைக்குள்ள வந்து படுத்துக்கினு இருக்குது!"

கூட்டத்தில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. மாமன் விடவில்லை.

"தானா எப்படிம்மா வரும்? பூட்டின ரூமு. யாரோ எடுத்து வெச்சிருக்கணும். பொண்ணு கூடையிலயே வெச்சிருக்காங்கன்னா அர்த்தம் இன்னா? எந்தக் கை வெச்சிது, எனக்குத் தெரிஞ்சாவணும்!"

"நான்தாங்க வெச்சேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சின்னவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே லுங்கி. வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாதா! ஒரு பொய், ஒரு மௌனம், இரண்டும் தெரியாத மனிதர். போனோம் என்று நினைத்தேன்.

மாமன் அவர் பக்கமாகத் திரும்பினார். "யாரு சொல்லி வெச்ச? பொண்ணோட அப்பனா?"

"அவரு கேசரி போட்டுக்கினு இருந்தாருங்க."

மாப்பிள்ளையின் அம்மா அண்ணனைக் கையமர்த்திவிட்டு முன்னால் வந்தார்கள்.

"உன்ன யாருதான் தம்பி அங்க வெக்கச் சொன்னது?"

சின்னவர் நிஜமாகவே யோசித்தார். "யாரும் சொல்லலைங்களே."

"அது எங்க பொண்ணு கூடைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பைக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. எடம் இருந்தது, வெச்சேன்."

"அப்போ முருகன்தான் சொல்லியிருக்கான்" என்றார்கள் அந்த அம்மாள்.

"அப்படி இல்லைங்க, அது வந்து..." என்று சின்னவர் ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிப்போய் மஞ்சள் பையை ஐயர் தட்டில் வைத்துவிட்டு, மேளக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார்கள்.